முதல் விதை, முதல் அடி

நீலகிரியைப் பற்றி எழுத உட்காருகிறவர்களுக்கு, அவர்கள் மானிடவியல்காரர்களாக இருந்தாலும் நாவலாசிரியர்களாக இருந்தாலும், ஒரு சித்திரம் தயாராகக் கிடைத்துவிடுகிறது. தோடர் எருமை வளர்த்து நெய் கொடுத்தார்கள். கோத்தர் இரும்படித்தார்கள், கோத்தர் பெண்கள் பானை வனைந்தார்கள், சாவு விழுந்தால் கோத்தர் வாத்தியம் வந்தது. படகர் சாமையும் ராகியும் விளைவித்து எல்லோருக்கும் தானியம் அளந்தார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேனும் பிரம்பும் பச்சிலையும் கொண்டுவந்தார்கள். இடையில் காசு இல்லை, கடை இல்லை. பிறகு 1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் மலையேறினார், உருளைக்கிழங்கும் தேயிலையும் பின்னால் வந்தன, சித்திரம் கலைந்தது.

ஊட்டிக்கு முந்திய ஸ்டேஷனான லவ்டேலில் பல வருஷங்களாகக் குடியிருக்கிறவன் என்ற முறையில் இந்தச் சித்திரத்தோடு எனக்குப் பழக்கம் அதிகம். வெளியூரிலிருந்து வரும் சிநேகிதர்கள், லாரன்ஸ் பள்ளியின் கடிகாரக் கோபுரத்தைப் பார்த்து முடித்ததும், இதைத்தான் என்னிடம் திருப்பிச் சொல்கிறார்கள். சித்திரம் பொய் என்று நான் சொல்லவில்லை. 1902இல் தோடரிடையே தங்கி 1906இல் பெரிய புத்தகம் எழுதிய ரிவர்ஸும், 1930களில் கோத்தரை ஆராய்ந்த அமெரிக்கர் டேவிட் மாண்டல்பாமும் ஆதாரத்தோடுதான் எழுதினார்கள். ஆனால் அவர்கள் பார்த்ததைவிட அவர்களைப் படித்தவர்கள் அதிகமாகப் பார்த்துவிட்டார்கள். பரிமாற்றம் இருந்தது என்பதிலிருந்து பகை இருக்கவில்லை என்பதற்கு ஒரே தாவலில் போய்விட்டார்கள். நம் இலக்கியத்தில் அந்தத் தாவல் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது என்பதுதான் என் குறை.

ஒரு கூடைத் தானியத்தை எடுத்துக்கொள்வோம். அறுவடையில் படகர் தோடருக்குக் கொடுத்த பங்குக்குக் ‘குடு’ என்று பெயர். தோடரைக் கேட்டால், மலை எங்களுடையது, உழ விட்டோம், அதற்கான பங்கு இது. படகரைக் கேட்டால், பழைய சிநேகத்துக்காகக் கொடுப்பது; கொஞ்சம் நெருக்கிக் கேட்டால், தோடரின் மந்திரத்துக்குப் பயந்து கொடுப்பது. ஸல்லிவன் இதை நில உரிமைக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு, தோடரே மண்ணின் சொந்தக்காரர் என்று வாதாடினார். அதை ஒப்புக்கொள்ளாத ஆங்கிலேய அதிகாரிகளும் இருந்தார்கள். வாரமா, காணிக்கையா, தானமா? ஆபீஸ் புத்தகத்தில் ஏற்ற வேண்டுமென்றால் ஒரு பெயர் வேண்டும். அதற்கு முன்னால் பல தலைமுறைகளாக அந்தக் கூடை பெயர் தீர்மானிக்கப்படாமலே கைமாறியிருக்கிறது. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே அர்த்தத்தில் சேராததால்தான் அது கைமாற முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒற்றுமை என்று நாம் பெயர் வைத்திருப்பது பல சமயங்களில் இந்த மாதிரி ஒத்திப்போடப்பட்ட வழக்குதான்.

குறும்பருக்குச் சித்திரத்தில் ஒதுக்கியிருப்பது தேன் என்ற ஒரு வார்த்தை. உண்மையில் அவர்கள் கொடுத்த முக்கியமான சரக்கு தேன் அல்ல. படக ஊர் ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு குறும்பர் இருந்தார். உழவு தொடங்கும்போது முதல் விதை அவர் கையால் விழ வேண்டும். முதல் கதிரையும் அவர்தான் அறுக்க வேண்டும். நிலத்துக்கும் மாட்டுக்கும் மந்திரக் காப்பு அவருடைய பொறுப்பு. யாரிடமிருந்து காப்பு? மற்ற குறும்பர்களிடமிருந்து. அச்சமும் அதற்கு மாற்றும் ஒரே மூட்டையிலிருந்து வந்தன. அதற்குக் கூலியாகத் தானியம் அளக்கப்பட்டது. மாடு சாகாத வருஷத்தில் அவர் காவல்காரர். குழந்தைகள் அடுத்தடுத்துச் செத்த வருஷத்தில் அவரே சூனியக்காரர். அவர் ஒன்றும் மாறிவிடவில்லை, வருஷம்தான் மாறிப்போயிற்று.

அப்படிப்பட்ட வருஷங்களில் நடந்ததை டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1908இல் வெளிவந்த நீலகிரி கெஸட்டியர் வறண்ட மொழியில் சொல்கிறது. 1835இல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள். 1875இலும் 1882இலும் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையில். 1900இல் ஒரு குறும்பர் குடும்பம் முழுவதும். குடும்பத் தலைவர் வைத்தியர் என்று பெயர் பெற்றவர், ஒரு படக ஊருக்கு நோயும் சாவும் கொண்டுவந்தார் என்பது அவர்மேல் இருந்த சந்தேகம். சுற்றுவட்டாரம் முழுக்கக் கொன்றவர்கள் பக்கம் நின்றதால் துப்புத் துலக்குவதே கஷ்டமாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். இதைவிட என்னைத் தடுத்து நிறுத்தியது அக்காலத்து ஆங்கிலேயர் குறித்துவைத்திருக்கும் இன்னொரு வழக்கம். குறும்பரைக் கொல்லப் போகும் படகர்கள் ஒரு தோடரையும் உடன் அழைத்துக்கொண்டு போக வேண்டும். முதல் அடி அவர் கையால் விழ வேண்டும்.

மலைவாசிகளைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டுவதில் அந்த எழுத்தர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது என்பதை மறக்கவில்லை. அதற்கான தள்ளுபடியைக் கொடுத்துவிட்டுப் பார்த்தாலும் வழக்குகள் மிஞ்சுகின்றன, எண்ணிக்கை மிஞ்சுகிறது. முதல் விதைக்குக் குறும்பர், முதல் அடிக்குத் தோடர். விதைப்பிலிருந்த அதே முறையும் மரியாதையும் கொலையிலும் இருக்கின்றன. பரிமாற்ற ஏற்பாடு தவறிப்போய் இந்தக் கொலைகள் நடக்கவில்லை. அது சரியாக வேலை செய்ததால் நடந்தவை. நெய்யும் தானியமும் மாற்றிக்கொண்ட அதே உறவின் பேரில்தான் படகர் தோடர் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட்டிருக்க முடியும்.

இதற்குத் தத்துவம் தேடுகிறவர்களுக்கு ஜெர்மானியர் கியோர்க் ஸிம்மல் இருக்கிறார். அவருடைய சமூகவியல் நூலும் நீலகிரி கெஸட்டியர் வந்த அதே 1908இல்தான் வந்தது. பூசலும் மனிதர்களைப் பிணைக்கிற ஒரு முறைதான். உறவுக்கு மறுதலை அக்கறையின்மையே ஒழியப் பகையல்ல என்பது அவர் வாதம். எத்தனை தூரம் சரி என்று தமிழ்ச் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முந்நூறு பிரதி அச்சடிக்கும் பத்திரிகை இரண்டாக உடைகிறது; உடைந்தவர்கள் அடுத்த இதழ்களில் ஒருவரையொருவர் கிழிக்கிறார்கள்; வாசகனுக்குக் கொண்டாட்டம். இருவரில் ஒருவர் பதில் எழுதுவதை நிறுத்தும் அன்றுதான் ஏதோ ஒன்று முடிந்துபோகிறது. ஆனால் ஸிம்மல் போதிய நேரம் நிற்காத இடம் ஒன்று உண்டு. விலகிக்கொள்ளும் வசதி இரண்டு பக்கமும் சமமாக இருப்பதில்லை. யாருக்கு யார் வேண்டியிருக்கிறது, யார் இல்லாமல் யார் சமாளிக்க முடியும் என்பதில்தான் பகை, சிநேகம் இரண்டின் விஷமும் இருக்கிறது. அதைக் கோத்தர் வாத்தியத்தின் கதை காட்டுகிற மாதிரி நான் படித்த சமூகவியல் புத்தகம் எதுவும் காட்டவில்லை.

1930களில் படகருக்குள் இரண்டு கட்சி ஏற்பட்டது. படித்தவர்களும் சீர்திருத்தக்காரர்களும், செத்த மாட்டைத் தின்கிற கோத்தரை நம் வீட்டுச் சாவுக்கு அழைப்பது அவமானம், நிறுத்துவோம் என்றார்கள். பழைய கட்சிக்கோ அந்த வாத்தியம் இல்லாமல் செத்தவரை அனுப்பிவைப்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். கைகலப்பு வரைக்கும் போனது. இதில் கோத்தர் எந்தக் கட்சியிலும் இல்லை. அவர்களைப் பற்றிய சண்டை, அவர்கள் இல்லாத சண்டை. சீர்திருத்தக் கட்சி மெல்ல மெல்ல ஜெயித்தபோது எந்தக் கோத்தரும் அடிபடவில்லை, எந்த வீடும் எரியவில்லை. கூப்பிட ஆள் வரவில்லை, அவ்வளவுதான். கூப்பிடாத வீட்டிலிருந்து தானியமும் வரவில்லை. கத்தியும் மண்வெட்டியும் பஜாரில் கிடைத்தன. கெஸட்டியரில் ஏறுகிற மாதிரி ஒன்றுமே நடக்கவில்லை.

இதோடு விட்டுவிட்டால் இது பரிதாபக் கதை. நம் முற்போக்கு நண்பர்கள் எழுதிவிடுவார்கள். ஆனால் அதே காலத்தில் கொல்லிமலை என்ற கோத்தர் ஊரில் (நாமக்கல் கொல்லிமலை அல்ல, நீலகிரியிலேயே இருப்பது) சுல்லி என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். இங்கிலீஷ் படித்த கோத்தர். மொழியியல்காரர் எமனோவுக்குக் கோத்தர் கதைகளைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். 1944 முதல் 1946 வரை பகுதி பகுதியாக வெளிவந்த கோத்தர் கதைத் தொகுதிக்கு ஆதாரம் அவருடைய வாய். மாண்டல்பாமுக்கும் அவரே வழிகாட்டி. பின்னால் 1960இல் மாண்டல்பாம் அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். சுல்லி குடுமியைக் கத்தரித்துக்கொண்டார். செத்த மாட்டை விடுவோம், அடுத்தவன் வீட்டு வாசலில் போய் வாசிப்பதை விடுவோம் என்று சொந்த ஜனங்களிடம் போராடினார். ஊர்ப் பெரியவர்கள் அவரைப் பகைத்தார்கள். கோத்தருக்குள்ளும் இரண்டு கட்சி.

படகர் சீர்திருத்தக்காரர் வாத்தியத்தை நிறுத்தச் சொன்னார், கோத்தர் சீர்திருத்தக்காரரும் நிறுத்தச் சொன்னார். ஒருவரிடம் இருந்தது இளக்காரம், மற்றவரிடம் ரோஷம். சாவு வீட்டில் கேட்கிற மௌனம் மட்டும் ஒன்றுதான். சில வருஷங்களுக்கு முன் கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு படகர் வீட்டுச் சாவுக்குப் போயிருந்தேன். வாடகைக்கு அமர்த்திய பேண்டுக் கோஷ்டி வாசித்துக்கொண்டிருந்தது. கோத்தர் வரவில்லையா என்று பக்கத்திலிருந்த பெரியவரிடம் கேட்டேன். “நாங்க இப்பக் கூப்பிடறதில்ல சார்” என்றார். அவருக்குப் பின்னால் நின்ற மருமகன் குனிந்து, “கூப்பிட்டாலும் அவங்க வர்றதில்ல மாமா” என்றான். பெரியவர் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் இருந்ததை எழுத ஒரு நல்ல சிறுகதைக்காரன் வேண்டும்.

நம்மிடம் இருப்பது என்ன? நீலகிரி என்றதும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ (1963). நேரில் போய்ப் பழகி, மொழியையும் சடங்கையும் விசாரித்து எழுதப்பட்ட நாவல். அந்த உழைப்பைச் சுலபமாகத் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு தலைமுறைகளைத் தொடர்ந்து போகிறார். குடும்பங்களுக்குள் பொறாமை இருக்கிறது, போட்டி இருக்கிறது. ஆனால் பூசல் படகர் வீட்டுக்குள் ஆரம்பித்துப் படகர் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. அந்த வீட்டின் கலப்பைக் கொழுவை அடித்தவரும் முதல் விதை போட்டவரும் நாவலின் நடுவுக்கு வருவதில்லை. காசும் தேயிலையும் வந்தபின் பழைய வாழ்வு நைந்தது என்ற ஏக்கம் மேலோங்குகிறது. குறிஞ்சிக் கடிகாரம் அழகானதுதான். ஆனால் குடுக் கூடையின் கடிகாரம் வருஷத்துக்கு வருஷம் அடித்தது. அதன் ஓசை அந்தப் பக்கங்களில் எனக்குக் கேட்கவில்லை.

சமவெளிக்கு இறங்கினால் இதற்கு நேர் எதிர்க்கோடி. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கேட்டது கூடுதல் நெல் கூலி. சங்கக் கொடியை இறக்க மறுத்தார்கள். மிராசுதார்கள் தங்களுக்குள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அங்கேயும் கூட்டுறவுக்குக் குறைவில்லை. 1973இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. நீலகிரி வழக்குக்கும் இதற்கும் முக்கால் நூற்றாண்டு இடைவெளி. முடிவு மட்டும் அப்படியே இருக்கிறது. இதை ஆதாரமாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி 1975இல் ‘குருதிப்புனல்’ எழுதினார். 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. அதில் மிராசுதாரின் கொடுமைக்கு வேர் அவருடைய ஆண்மைக் குறைவு. இடதுசாரி விமர்சகர்கள் அன்றே இதைக் கண்டித்தார்கள். வர்க்கத்தை உளவியலாகக் குறுக்கிவிட்டார் என்றார்கள். என் ஆட்சேபணை கொஞ்சம் வேறு. ராஜம் கிருஷ்ணனுக்குப் பகை மலைக்கு வெளியிலிருந்து வருகிறது. இந்திரா பார்த்தசாரதிக்கு அது ஒருவனின் உடம்புக்குள்ளிருந்து வருகிறது. அளக்கிறவனுக்கும் அளந்து வாங்குகிறவனுக்கும் நடுவில் இருக்கிற மரக்காலிலிருந்து வருவதாக இரண்டு பேருமே பார்க்கவில்லை. மிராசுதாருக்கு அறுவடை ஆள் வேண்டியிருந்தது. வெளியூர் ஆளை இறக்கப் பார்த்தார், உள்ளூர் ஆள் மறித்தான். ‘நீ எனக்குத் தேவையில்லை’ என்று அவரால் சொல்ல முடிந்திருந்தால் கோத்தருக்கு நடந்த மாதிரி சத்தமில்லாமல் முடிந்திருக்கும்.

சமவெளிக் கிராமங்களில் தலித்துகள் சாவுக்குப் பறையடிப்பதை நிறுத்தியபோதெல்லாம் ஊர் கொதித்ததும் இதனால்தான். தண்ணீர் மறித்து, வேலை மறுத்து, கடையில் சாமான் கொடுக்காமல், அடித்து, திரும்ப அடிக்கவைக்கப் பார்த்தார்கள். மலையில் வாத்தியத்தை வாங்குகிறவன் முதலில் நிறுத்தினான், அமைதியாகப் போயிற்று. கீழே கொடுக்கிறவன் முதலில் நிறுத்தினான், ரத்தம் சிந்தியது. சுல்லியின் ரோஷத்துக்குப் படகர் தரப்பிலிருந்து பெரிய எதிர்ப்பு வந்திருந்தால் அவர் கதை நமக்கு வேறு மாதிரி கிடைத்திருக்கும். அது வராமல் போனது அவருக்கு லாபமா நஷ்டமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

இப்போது இந்த மலையில் கூட்டுறவு என்ற வார்த்தைக்கு அர்த்தம் தேயிலைத் தொழிற்சாலை. 1962இல் குந்தாவில் ஆரம்பித்தது. 1965இல் அவற்றுக்கெல்லாம் பொதுவாக இண்ட்கோசர்வ் வந்தது. உருளைக்கிழங்கு போட்ட சிறு நிலங்களில் தேயிலை வைத்த விவசாயிகள், பெரும்பாலும் படகர், அதன் உறுப்பினர்கள். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது அந்த வீடுகள் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். பையனின் காலேஜ் படிப்பை நிறுத்தியவர்கள் உண்டு. கூட்டுறவின் உறுப்பினரே ஒரு ரூபாய் கூடக் கிடைத்தால் இலையைத் தனியார் தொழிற்சாலைக்குப் போடுவதும், அங்கே பணம் நின்றுபோனால் திரும்பி வருவதும் இந்த உறவின் சுபாவம். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இலையைப் பறிக்கிறவர் உறுப்பினர் அல்ல. 1964 ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொண்ட 5,25,000 பேரில் ஒரு பகுதி இந்த மலைக்கு வந்தது. அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் 1968 முதல் அவர்களுக்காகவே போடப்பட்டன. அங்கே இடம் கிடைக்காதவர்கள் சிறு தோட்டங்களிலும் கேத்தியின் காரட் வயல்களிலும் கூலிக்குப் போனார்கள். இன்றும் ‘சிலோன்காரங்க’ என்றுதான் பெயர். மழை நாளில் எடைக் கொட்டகைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஈரத்துக்கென்று கிளார்க் கிலோவில் கழிக்கிறார். தோட்டக்காரர் அவரோடு தொண்டை வரளச் சண்டை போடுகிறார், “நாளைக்கு இலை வராது பாத்துக்கோ” என்று மிரட்டுகிறார். பிறகு தோட்டத்துக்குப் போய்ப் பறித்தவளின் மூட்டையில் அதே ஈரத்துக்கு அதே கழிவைப் போடுகிறார். அவளும் சும்மா இருப்பதில்லை. அவளுக்கு அம்மா பாட்டி காலத்து லயத்திலிருந்து கைவந்த மொழி இருக்கிறது. தோட்டக்காரர் வாயைத் திறக்க முடியாது. இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டால் அவரே அவள் வீட்டு வாசலுக்கு வருவார்.

அந்த அம்மாக்களின் பிள்ளைகள் கொழுந்து பறிக்க வருவதில்லை. திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். சில வருஷங்களாக ஜார்க்கண்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். அவர்களும் அங்கே பழங்குடிகள். வடக்கிலிருந்து வந்தவர்கள் என்பதால் படகர் என்று பெயர் பெற்றவர்களின் தோட்டத்தில் இப்போது இன்னொரு வடக்கத்தி ஜனம். சிலோன்காரப் பெண்கள் ஒரு வரிசையிலும் இவர்கள் ஒரு வரிசையிலுமாகப் பறிப்பதை லவ்டேல் சரிவிலேயே பார்க்கலாம். பழைய ஆட்களுக்கும் புதிய ஆட்களுக்கும் வித்தியாசம் என்ன என்று தெரிந்த தோட்டக்காரர் ஒருவரைக் கேட்டேன். கை வேகமா, கூலி குறைவா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேகமெல்லாம் ஒண்ணுதான் சார். கூலியும் பெரிசா வித்தியாசம் இல்ல. இவங்களுக்கு நம்ம பேச்சு புரியாது, சண்டை போடத் தெரியாது” என்றார்.